மூன்று அறைகள், ஒரு மரணம்: 'தி அஃபென்ஸ்' படம் குறித்த நிகழ்வு ஆய்வு

காவல் நிலையத்தில் விசாரணையின்போது ஒருவன் அடித்தே கொல்லப்படுகிறான். அடித்தவன் இருபது ஆண்டுகள் பணியாற்றிய டிடெக்டிவ் சார்ஜென்ட். அந்த நேரத்தில் அறைக்குள் அவர்கள் இருவரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. செத்தவன்மீது இருந்தது, சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான் என்ற சந்தேகம். உண்மையிலேயே அவன்தான் அதைச் செய்தானா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியப்போவதில்லை.

1973இல் வெளிவந்த 'தி அஃபென்ஸ்' என்ற பிரிட்டிஷ் படத்தின் கதைச் சுருக்கம் இவ்வளவுதான். சிட்னி லூமெட் இயக்கியது. ஷான் கானரி நடித்தது. ஜேம்ஸ் பாண்ட் புகழின் உச்சத்தில் இருந்த ஒரு நடிகர் இப்படியொரு இருண்ட பாத்திரத்தை ஏற்றது பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். வேலையின் கொடுமையால் மனம் சிதைந்த ஒரு போலீஸ்காரனின் கதை என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். மனச்சிதைவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு வழக்கு எப்படிக் கெட்டுப்போகிறது, எந்தெந்தக் கதவுகள் வழியாகக் கெட்டுப்போகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் மிகக் குறைவு. சிதைந்த மனம் ஒன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கலாம். சாட்சியில்லாத அறை ஒன்றை அதன் கையில் கொடுத்தவர்கள் யார்? இந்தக் கேள்வியோடுதான் படத்தை அணுக வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேடையிலிருந்து திரைக்கு

இந்தப் படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதிய ஜான் ஹாப்கின்ஸ் போலீஸ் கதைகள் எழுதித் தேர்ந்தவர். 1962இல் பிபிசி தொடங்கிய 'இசட் கார்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் பல பகுதிகளை அவர் எழுதினார். அதற்கு முன்பு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் போலீஸ்காரர் என்றால் தெருவில் நின்று எல்லோருக்கும் நல்வழி காட்டும் பெரியவர். 'இசட் கார்ஸ்' அந்தப் பிம்பத்தை உடைத்தது. அதில் வரும் கான்ஸ்டபிள்களுக்குக் கோபம் வரும், வீட்டில் சண்டை வரும், ஒருவன் மனைவியைக் கைநீட்டி அடித்தும் இருப்பான். ஹாப்கின்ஸ் அங்கே கற்றதைத்தான் 1968இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய 'திஸ் ஸ்டோரி ஆஃப் யுவர்ஸ்' நாடகத்தில் இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனார்.

நாடகத்தின் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று அங்கங்கள். ஒவ்வொன்றிலும் முக்கியமாக இரண்டே பேர். முதல் அங்கத்தில் அந்த டிடெக்டிவ் சார்ஜென்ட் ஜான்சனும் அவன் மனைவியும். இரண்டாவதில் ஜான்சனும் அவனை விசாரிக்க வரும் மேலதிகாரியும். மூன்றாவதில்தான் ஜான்சனும் இறந்துபோன பேக்ஸ்டரும். கால வரிசைப்படி முதலில் நடந்தது மேடையில் கடைசியாக வருகிறது. என்ன நடந்தது என்பதைப் பார்வையாளர்கள் முதல் அங்கத்திலேயே அறிந்துவிடுவார்கள். எப்படி நடந்தது என்பதற்குத்தான் மூன்றாம் அங்கம்வரை காத்திருக்க வேண்டும்.

இது படமானது ஒரு பேரத்தின் விளைவு. 1967க்குப் பிறகு பாண்ட் வேடத்தை உதறிவிட்டுப் போன கானரியை 1971இல் 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்துக்காகத் திரும்ப அழைத்தது யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம். அவர் வாங்கிய பெருந்தொகையை ஸ்காட்லாந்தில் தாம் தொடங்கிய கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியும். தம் விருப்பப்படி குறைந்த செலவில் இரண்டு படங்கள் எடுக்க அந்த நிறுவனம் பணம் தர வேண்டும் என்பது அவர் வைத்த இன்னொரு நிபந்தனை. அதில் முதல் படம் இது. பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், 1972 வசந்த காலத்தில், சில வாரங்களுக்குள் எடுத்து முடித்தார்கள். இரண்டாவதாக அவர் எடுக்க நினைத்த 'மேக்பெத்' நடக்கவேயில்லை. ரோமன் போலன்ஸ்கியின் 'மேக்பெத்' முந்திக்கொண்டது, 'தி அஃபென்ஸ்' வசூலிலும் தோற்றது.

திரைக்கதையையும் ஹாப்கின்ஸே எழுதினார். நாடகாசிரியரே எழுதும் திரைக்கதைகளில் ஓர் ஆபத்து உண்டு. வசனத்தை விட மனம் வராது, நான்கு தெருக் காட்சிகளைச் சேர்த்துவிட்டு 'சினிமா ஆக்கிவிட்டேன்' என்று திருப்தி அடைவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. படத்தின் முதல் பகுதி முழுவதும் நாடகத்தில் இல்லாத வெளிப்புறம். அங்கே பேச்சு குறைவு. பள்ளி விடும் நேரம், குழந்தைகளை அழைத்துப்போக வந்து நிற்கும் கார்கள், மேட்டில் நின்று கண்காணிக்கும் போலீஸ்காரர்கள், இருட்டியபின் டார்ச் விளக்குகளோடு புதர்க்காட்டில் தேடல். அதன்பிறகு படம் ஒவ்வோர் அறையாக நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டு வந்ததால்தான் அறைகள் அவ்வளவு மூச்சுமுட்டுகின்றன.

நடந்தது என்ன

படம் சொல்லும் வரிசையை விட்டுவிட்டு, கோப்பில் எழுதுவதுபோல் கால வரிசைப்படி வைத்துப் பார்க்கலாம்.

பெயர் சொல்லப்படாத ஓர் ஆங்கில ஊர். சிறுமிகள்மீது தொடர்ந்து தாக்குதல் நடக்கிறது. போலீஸ் பள்ளிக்கூடங்களைக் கண்காணிக்கிறது. அப்படிக் கண்காணித்துக்கொண்டிருக்கும்போதே ஜேனி என்ற இன்னொரு சிறுமி காணாமல் போகிறாள். கண்முன்னே நடந்த தோல்வி இது. அன்றிரவு தேடும் குழுவில் இருக்கும் ஜான்சன்தான் அவளைக் கண்டுபிடிக்கிறான். ஓர் ஆண் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவள் பயத்தில் அலறுகிறாள், திமிறுகிறாள். அவன் அவளை அழுத்திப் பிடித்து அமைதிப்படுத்தப் பார்க்கிறான். இந்தக் காட்சியை ஒளிப்பதிவாளர் ஜெர்ரி ஃபிஷர் எடுத்திருக்கும் விதத்தில் மீட்பவன் யார், தாக்கியவன் யார் என்ற வேறுபாடு ஒரு கணம் கலங்கிவிடுகிறது. பின்னால் ஜான்சனின் நினைவில் இதே காட்சி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வரும்.

அதே இரவில், உடையெல்லாம் சேறாக, தெருவில் தள்ளாடித் திரிந்த கென்னத் பேக்ஸ்டர் என்பவனைப் பிடித்து வருகிறார்கள். எங்கே போயிருந்தான் என்பதற்கு அவனிடம் ஒழுங்கான பதில் இல்லை. இதைத் தவிர அவனுக்கெதிராகப் படம் எந்த ஆதாரத்தையும் காட்டுவதில்லை. ஆனால் ஜான்சனுக்கு அவனைப் பார்த்த மாத்திரத்தில் முடிவாகிவிடுகிறது. இவன்தான். மேலதிகாரிகள் ஒருபுறம் இருக்க, அறைக்குள் தனியாகப் போகிறான். காவலுக்கு இருந்த கான்ஸ்டபிளை வெளியே அனுப்பிவிடுகிறான். அடுத்து நிலையத்துக்குத் தெரியவருவது அலறலும் ஓட்டமும்தான். பேக்ஸ்டரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். ஜான்சனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவன் வீட்டில் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, பேக்ஸ்டர் இறந்துவிட்டான் என்று சொல்கிறார்கள். மறுநாள் கண்காணிப்பாளர் கார்ட்ரைட்டின் விசாரணை.

கோப்பாக வாசித்தால் பளிச்சென்று தெரிவது ஒன்று. பேக்ஸ்டர் சாவதற்கு முன்பு தவறு பல இடங்களில் நடந்திருக்கிறது. ஆதாரமில்லாமல் ஒருவனை வைத்திருந்தது, விசாரணையை யார் நடத்துவது என்பதில் ஒழுங்கில்லாதது, கோபத்தோடு சுற்றிக்கொண்டிருந்த ஒருவனை யாரும் தடுக்காதது, கான்ஸ்டபிள் அறையைவிட்டு வெளியேறியது. கடைசியாகச் சொன்னதுதான் என்னை மிகவும் பாதிப்பது. ஒரு சார்ஜென்ட் 'வெளியே போ' என்று சொன்னால் கான்ஸ்டபிள் போய்விடுவான். அதில் அதிர்ச்சியோ தயக்கமோ இல்லை. அது அங்கே பழக்கம். லூமெட் இந்த இடத்தில் எந்த இசையும் சேர்த்து எச்சரிக்கவில்லை. வேலை நாளின் ஒரு சாதாரண அசைவாக அதைக் கடந்துபோக விடுகிறார். படத்தின் கொடூரமான கணம் எது என்று யாராவது கேட்டால், அடி விழும் காட்சியைவிட இதைத்தான் சொல்வேன்.

முதல் அறை: வீடு

நிலையத்திலிருந்து ஜான்சன் காரில் வீடு திரும்பும் வழியெல்லாம், இருபது ஆண்டுகளில் அவன் பார்த்த சடலங்கள் துண்டு துண்டாக வெட்டி வருகின்றன. நாடகத்தில் இவை வெறும் சொற்கள். மனைவியிடம் அவன் சொல்லித்தான் பார்வையாளர்கள் அறிவார்கள். படம் அவற்றைக் கண்ணால் பார்க்கவைக்கிறது. மேடையை விரும்புகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம். எனக்கும் முதலில் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் அடுத்து வரும் வீட்டுக் காட்சிக்கு இது தேவை. அவன் மூடிவைத்திருப்பது என்னவென்று நமக்குத் தெரியும், அவன் மனைவிக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வில்தான் காட்சியின் வேதனை இருக்கிறது.

ஜான்சனின் மனைவி மொரீனாக நடித்த விவியன் மெர்ச்சன்ட், ஹரால்ட் பின்டரின் நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றவர், அவருடைய மனைவியும்கூட. சொல்லப்படாததை உடலில் வைத்து நடிப்பது அவருக்குக் கைவந்த கலை. இங்கே அவர் வார்த்தைகளுக்காக மன்றாடுகிற பெண். பேசு, என்னிடம் சொல், நான் உன் மனைவி என்கிறாள். அவன் மறுக்கிறான். அவள் விடுவதில்லை. அவன் சொல்லத் தொடங்கியதும் அவளால் தாங்க முடிவதில்லை. தாங்க முடியாததையே அவன் அவளுக்கு எதிரான ஆயுதமாக்கிக்கொள்கிறான். பார்த்தாயா, இதற்குத்தான் சொல்லவில்லை என்கிறான். கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம். அதோடு நிற்காமல் அவள் அழகைப் பழிக்கிறான். அவன் மனைவியின்மீது செய்வது விசாரணை அறையில் செய்ததன் தொடர்ச்சி. எதிரில் இருப்பவரிடமிருந்து தனக்கு வேண்டியதைப் பிடுங்க முயன்று, கிடைக்காதபோது நசுக்குவது. அவனுக்கு வேறு பேச்சு முறையே தெரியாமல் போய்விட்டது.

கானரியின் உடல்வாகு இங்கே பெரிய காரணமாகிறது. அந்தத் தோள்களும் நடையும் பாண்ட் படங்களில் பார்வையாளர்களுக்குப் பாதுகாப்பு உணர்வைத் தந்தவை. சிறிய அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், இரவு உடையில் நிற்கும் ஒரு பெண்ணின் எதிரே அதே உடல் நிற்கும்போது நம் மனம் கதவைத் தேடுகிறது.

இரண்டாம் அறை: மேலதிகாரி

கார்ட்ரைட்டாக டிரெவர் ஹோவர்ட். இந்தப் பகுதியைப் படத்தின் பலவீனமான இடம் என்று சொல்வேன். நாடகத்தின் நடு அங்கம் என்பதை மறைக்க முடியவில்லை. கேள்வி, பதில், மௌனம், மறுபடி கேள்வி என்று கொஞ்சம் சுற்றி வருகிறது. இருந்தாலும் இதில் ஒரு முக்கியமான திருப்பம் உண்டு. கார்ட்ரைட் நேர்மையானவர். நடந்ததை மூடிமறைக்க வந்தவர் இல்லை. ஏன் அடித்தாய் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார். ஜான்சன் பதிலுக்கு, இத்தனை ஆண்டுகள் நீங்கள் பார்த்ததையெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வியை அவர்மீதே திருப்புகிறான். அந்த நேரத்தில் ஹோவர்டின் முகத்தில் ஒரு களைப்பு தெரிகிறது. அவரிடம் பதில் இல்லை. நேர்மையான மேலதிகாரியிடமும் தன் ஆட்களின் மனத்தில் சேர்ந்திருப்பதைக் கையாள வழியேதும் இல்லை. அதை வீட்டு வாசலில் கழற்றிவைக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைதான் இருக்கிறது.

மூன்றாம் அறை

பேக்ஸ்டராக நடித்தவர் இயன் பேனன். 1965இல் லூமெட் எடுத்த 'தி ஹில்' படத்திலும் கானரியோடு நடித்தவர். அதுவும் ஒரு நாடகத்தை அடிப்படையாகக் கொண்டது, அதுவும் பிரிட்டிஷ் ராணுவச் சிறையில் அதிகாரத்தின் கையில் ஒருவன் சாகும் கதை. 'தி அஃபென்ஸ்' நடிப்புக்காக பேனன் சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதுக்குப் பரிந்துரை பெற்றார். பரிசே கொடுத்திருக்கலாம்.

முதலில் பேக்ஸ்டர் பயந்திருக்கிறான். படித்தவன், நடுத்தர வர்க்கத்தவன், பேச்சில் நாசூக்கு. முதல் அடி விழுந்ததும் அவனுக்குள் ஏதோ மாறுகிறது. அடிக்கிறவனுக்குத் தன்னிடமிருந்து ஏதோ வேண்டியிருக்கிறது, அது வாக்குமூலம் மட்டுமில்லை என்று புரிந்துகொள்கிறான். அதன்பிறகு கேள்வி கேட்பவன் யார் என்பதே மாறிப்போகிறது. பேனன் குரலை உயர்த்துவதில்லை. ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோல் ஜான்சனைப் பார்க்கிறார், பிறகு சிரிக்கிறார். நீ துரத்தும் ஆட்கள் செய்வதை நீயும் மனத்தில் செய்துகொண்டுதான் இருக்கிறாய் என்று பேக்ஸ்டர் குத்திக்காட்டும்போது ஜான்சன் வெறிகொண்டு அடிக்கிறான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறான். கொலையும் வன்கொடுமையும் தன் மனத்தில் ஓயாமல் ஓடுவதைச் சொல்கிறான். அழுகிறான். எனக்கு உதவு என்று கெஞ்சுகிறான்.

வாக்குமூலம் கிடைத்துவிட்டது. கொடுத்தவன் போலீஸ்காரன், வாங்கியவன் சந்தேக நபர். மனைவியிடம் சொல்ல முடியாததை, மேலதிகாரியிடம் சொல்லப்போகாததை, இவனிடம் சொல்கிறான். பேக்ஸ்டர் குற்றவாளியாக இருந்தால்தான் தன்னைப் புரிந்துகொள்வான் என்ற நம்பிக்கையில் சொல்கிறான். பேக்ஸ்டர் அருவருத்து விலகுகிறான். அந்த விலகலுக்காகத்தான் கொல்லப்படுகிறான். குற்றவாளி தப்பித்துவிடுவான் என்ற நீதிக் கோபம் அந்தக் கொலையில் துளியும் இல்லை. படத்தைப் பற்றி எழுதும் சிலர் 'கட்டுமீறிய நியாய உணர்ச்சி' என்று சொல்வதைப் பார்க்கிறேன். நாடகத்தின் மூன்றாம் அங்கம் அந்த வாசிப்புக்கு இடமே தரவில்லை.

பேக்ஸ்டர் செய்தானா? அவன் பேச்சில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. அவ்வளவு ஆழமாக ஜான்சனைப் படிக்கிறான் என்றால் அவனும் அப்படிப்பட்டவனாக இருக்கலாம். இருபது வருட வதைப்பின் அடையாளத்தை ஒரு முகத்தில் கண்டுகொள்ள வெறும் கூர்மை போதும் என்றும் சொல்லலாம். விடையைத் தெரிந்துகொள்ளும் ஒரே வழியை ஜான்சன் தன் கையாலேயே அடைத்துவிட்டான். விடை இல்லாமல் போனதால் படம் முடிவற்றுத் தொங்குகிறது என்ற புகார் உண்டு. கொல்லப்பட்ட சந்தேக நபரின் ஒவ்வொரு வழக்கும் இப்படித்தான் தொங்கும்.

லூமெட்டின் முதல் படமான 'ட்வெல்வ் ஆங்ரி மென்' (1957) நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கேயும் ஓர் அறை, வெறும் பேச்சு. ஆனால் அங்கே ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள் பன்னிரண்டு பேர். ஒருவர் வெறுப்பை இன்னொருவர் கேள்வி கேட்கிறார். பேச்சு நீள நீளச் சந்தேகம் வளர்கிறது, ஓர் இளைஞன் உயிர் பிழைக்கிறான். இங்கே இரண்டே பேர், அதில் ஒருவன் கையில் சாவி. அதே இயக்குநர், பேச்சின் மீதான அதே நம்பிக்கையோடு தொடங்கி, பேச்சு கொலையில் முடிவதைக் காட்டுகிறார். அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் இரண்டு படங்களுக்கும் இடையில் உள்ள தூரம்.

சட்டம் அப்போது எங்கே இருந்தது

இந்தப் பகுதியைப் படத்துக்கு வெளியே போய்ப் பேச வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் போலீஸ் விசாரணையை நெறிப்படுத்தியவை 'நீதிபதிகள் விதிகள்'. 1912இல் முதலில் வகுக்கப்பட்டு 1964இல் திருத்தப்பட்டவை. வாக்குமூலம் தானாக முன்வந்து தந்ததாக இருக்க வேண்டும் என்று அவை கூறின. ஆனால் அவை நாடாளுமன்றச் சட்டம் இல்லை, வழிகாட்டுதல்கள்தான். மீறினால் வாக்குமூலம் தானாகவே செல்லாமல் போய்விடாது, ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் விருப்பம். ஒலிப்பதிவு கட்டாயமில்லை. அறைக்குள் நடந்தது என்ன என்பதற்குப் போலீஸ்காரரின் குறிப்பேடுதான் சாட்சி.

தமிழ் வாசகர்களுக்கு இதில் வியப்பான ஒன்று உண்டு. 1872இல் ஆங்கிலேய அரசு இந்தியாவுக்கென இயற்றிய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. அந்தச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர். தாங்கள் ஆண்ட நாட்டின் போலீஸை நம்பாத அளவுக்குத் தெளிவு இருந்தது. தங்கள் சொந்தப் போலீஸ் விஷயத்தில் அந்தத் தெளிவு வர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது.

அது வந்த விதம் இந்தப் படத்தோடு விநோதமாகப் பொருந்துகிறது. படம் எடுக்கப்பட்ட அதே 1972 வசந்தத்தில், ஏப்ரல் மாதம், லண்டனின் கேட்ஃபோர்டு பகுதியில் தீப்பிடித்த ஒரு வீட்டில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவர் கொலையுண்டு கிடந்தார். மூன்று சிறுவர்கள் பிடிபட்டார்கள். மூத்தவனுக்கு 18 வயது, ஆனால் அவன் மனவளர்ச்சி எட்டு வயதுக் குழந்தையினுடையது. மற்ற இருவருக்கும் 15, 14. வழக்கறிஞரோ பெற்றோரோ உடன் இல்லாமல் விசாரித்தார்கள். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆண்டே தண்டனையும் பெற்றார்கள். 1975 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. ஒப்புதல் வாக்குமூலங்களில் சொன்னபடி நடந்திருக்கவே முடியாது என்பதை மரண நேரம் குறித்த சான்று காட்டிவிட்டது. சர் ஹென்றி ஃபிஷரின் விசாரணை அறிக்கை 1977இல் வந்தது. அதைத் தொடர்ந்து குற்றவியல் நடைமுறை குறித்த அரச ஆணையம், அதன் பரிந்துரைகளிலிருந்து 1984ஆம் ஆண்டின் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம். காவலில் இருப்பவரின் பாதுகாப்புக்குப் பொறுப்பான தனி அதிகாரி, வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை, விசாரணையின் ஒலிப்பதிவு ஆகியவை அதன்பிறகுதான் ஒழுங்கான சட்ட வடிவம் பெற்றன.

ஹாப்கின்ஸ் இதையெல்லாம் முன்கூட்டியே கணித்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுதியது ஒரு மனிதனைப் பற்றி. ஆனால் 1984ஆம் ஆண்டுச் சட்டம் அறைக்குள் கொண்டுவந்து வைத்த ஒவ்வொன்றும் ஜான்சனின் அறையில் இல்லாதது. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தால் அவன் எனக்கு உதவு என்று கெஞ்சியிருக்க மாட்டான். பொறுப்பான அதிகாரி ஒருவர் இருந்திருந்தால் கான்ஸ்டபிள் வெளியே போயிருக்க மாட்டான். பேக்ஸ்டர் உயிரோடு இருந்திருப்பான். ஒருவேளை சிறைக்கும் போயிருப்பான்.

காட்சியும் ஒலியும்

படப்பிடிப்பு நடந்த இடம் பெர்க்‌ஷயரின் பிராக்னெல். உலகப்போருக்குப் பிறகு அரசு திட்டமிட்டு உருவாக்கிய புதிய நகரங்களில் ஒன்று, 1949இல் அறிவிக்கப்பட்டது. கான்கிரீட் கோபுரங்கள், ஆளில்லாத நடைபாதைகள், வேரூன்றாத மரங்கள். கொலைக் கதைகளுக்கு ஆங்கிலேயர்கள் வழக்கமாகத் தேர்வுசெய்யும் பழைய கிராமமும் பனிமூட்டமும் இங்கே இல்லை. நல்வாழ்வுக்கென்றே வரைபடம் போட்டுக் கட்டிய ஊரில் ஒரு குழந்தை தொலைந்துபோகிறது. காவல் நிலையமும் அதே கான்கிரீட்.

படத்தின் தொடக்கத்தில் எல்லாம் மெதுவாக நகர்கிறது. காவல் நிலையத்தில் ஆட்கள் ஓடுகிறார்கள், ஒலி தெளிவில்லாமல் தேய்ந்து கேட்கிறது, சட்டகத்தின் நடுவே வெண்மையான ஒளி வட்டம் ஒன்று காட்சியைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. நமக்கு எதுவும் புரிவதில்லை. விளக்கை நேருக்கு நேர் வெறித்துப் பார்த்தவனின் கண்ணில் தங்கிவிடும் தடம் அது என்று பிற்பாடு புரிகிறது. இசையமைத்தவர் ஹாரிசன் பர்ட்விசில், பிரிட்டனின் நவீனச் செவ்வியல் இசையில் பெரிய பெயர். திரைப்படத்துக்கு அவர் இசையமைத்தது இது ஒன்றுதான். மெட்டு என்று சொல்லத்தக்க எதுவும் இதில் இல்லை. உலோகம் உரசுவதுபோன்ற ஒலிகள் எங்கோ எழுந்து பாதியில் நின்றுவிடுகின்றன. எந்த இடத்தில் என்ன உணர வேண்டும் என்று அது நமக்குச் சொல்லித்தருவதே இல்லை.

ஜேனி

கோப்பில் விடுபட்டுப்போன பெயர் இது. படத்தின் முதல் பகுதியில் ஊரே தேடியது இவளைத்தான். கண்டுபிடித்தபிறகு அவள் கதையிலிருந்து நழுவிவிடுகிறாள். மூன்று அறைகளிலும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அவளுக்கு என்ன நடந்தது, யாரைப் பார்த்தாள், இப்போது எப்படி இருக்கிறாள் என்பதை அவள் வாயால் ஒருமுறைகூட நாம் கேட்பதில்லை. ஜான்சனின் நினைவில் அவள் முகம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது, அவன் விருப்பத்துக்கேற்ப மாறிக்கொண்டே.

இது நாடகாசிரியரின் குறையா, திட்டமிட்டதா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. மூன்று இருவர் காட்சிகள் என்ற கட்டுமானத்தில் அவளுக்கு இடமில்லை, அது 1968இன் ஆண்மைய நாடக மேடையின் எல்லை. ஆனால் அந்த இடமின்மையைப் படம் மறைக்கவில்லை. பேக்ஸ்டர் செத்ததும் அவள் வழக்கும் செத்துவிடுகிறது. உண்மையான குற்றவாளி வேறொருவன் என்றால் அவன் வெளியில்தான் இருக்கிறான், பள்ளி விடும் நேரம் மறுநாளும் வரும். இதைப் பற்றிக் கார்ட்ரைட்டுக்கு நேரமில்லை, ஜான்சனுக்கு அக்கறையில்லை. 'குழந்தைகளுக்காகத்தான் அடித்தான்' என்று யாராவது சொல்ல வாயெடுத்தால், அவர்களைத் திரும்ப உட்காரவைத்து இந்தப் படத்தைக் காட்ட வேண்டும்.

வெளியான காலத்தில் கூட்டம் வரவில்லை. பாண்டைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள் என்பது புரிந்துகொள்ளத்தக்கது. லூமெட்டும் கானரியும் அடுத்து சேர்ந்தது 1974இல், அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' படத்தில். அதிலும் மூடிய இடத்தில் ஒரு கொலை, அதிலும் ஒவ்வொருவராக விசாரணை. கொல்லப்பட்டவன் ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமானவன். அவனைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து குத்திக் கொல்கிறார்கள், கானரியின் பாத்திரமும் அதில் ஒன்று. துப்பறிவாளர் அவர்களைத் தப்பவிடுகிறார், எல்லோரும் ஷாம்பெயின் கோப்பை உயர்த்துகிறார்கள். அந்தப் படம் பெருவெற்றி பெற்றது, அதற்காக இங்க்ரிட் பெர்க்மன் ஆஸ்கரும் வாங்கினார். அங்கே செத்தவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த உறுதியை முந்தைய ஆண்டு தர மறுத்த படத்துக்குத்தான் திரையரங்குகள் காலியாக இருந்தன.